கப்பலேறிப் போனவர்களின் வாரிசுகள் ஊர் கேட்டு வந்தால்

(நம் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



தீபத்துக்கும் பௌர்ணமிக்கும் நம் ஊருக்கு வருகிற கூட்டத்தில் ஒரு சிறு பிரிவினரை நீங்களும் கவனித்திருப்பீர்கள். முகத்தைப் பார்த்தால் நம் வீட்டுப் பிள்ளைகள் மாதிரி இருப்பார்கள். வாய் திறந்தால் ஆங்கிலமோ பிரெஞ்சோ வரும். தமிழில் சாமி பெயரும் சாப்பாட்டுப் பெயரும் மட்டும் வரும். கிரிவலம் முடிந்ததும் பையிலிருந்து ஒரு ஜெராக்ஸ் காகிதத்தை எடுத்து, "இந்த ஊர் எங்கே இருக்கிறது?" என்று ஆட்டோக்காரரையோ கடைக்காரரையோ கேட்பார்கள். நாம் எட்டிப் பார்த்துவிட்டு, "தெரியலைங்க" என்று நகர்ந்துவிடுவோம்.

அந்தக் காகிதம் என்ன, அதை எப்படிப் படிப்பது, கேட்பவருக்கு நாம் என்ன சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பதுதான் இன்றைய பேச்சு. நம் ஊர்க்காரர்கள் ஐந்து நிமிடம் ஒதுக்கினால் சிலருக்கு ஐந்து தலைமுறைக் கேள்வி தீரும். அதனால்தான் இதை எடுத்துக்கொண்டேன்.

முதலில், இவர்கள் யார்? ஆங்கிலேயர் தங்கள் காலனிகளில் அடிமை முறையை ஒழித்த பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 1834இல் மொரிஷியஸுக்கு இந்தியக் கூலிகள் போகத் தொடங்கினார்கள். அடுத்த எழுபது, எண்பது ஆண்டுகளில் அந்தத் தீவுக்கு மட்டும் நாலரை லட்சம் பேர் போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் வடஇந்தியர். சென்னை வழியாகப் போன நம்மவர்களும் கணிசம். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு முதல் கப்பல் சென்னையிலிருந்துதான் புறப்பட்டது. கப்பலின் பெயர் ட்ரூரோ. சுமார் ஐந்து வாரப் பயணத்துக்குப் பிறகு 1860 நவம்பர் 16 அன்று 342 பேரோடு டர்பன் போய்ச் சேர்ந்தது. 1911இல் இந்த ஏற்றுமதி நிற்கும் வரை நேட்டாலுக்கு 1,52,000 பேர் போனார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு அருகில் சென்னையில் கப்பலேறியவர்கள். பிஜித் தீவுக்கு 1879 முதல் கல்கத்தாவிலிருந்தும், 1903 முதல் சென்னையிலிருந்தும் ஆள் போனார்கள். புதுச்சேரி, காரைக்கால் வழியாக ரியூனியன், மார்ட்டினிக், குவாதலூப் என்ற பிரெஞ்சுத் தீவுகளுக்குப் போனவர்கள் தனி.

ஒப்பந்தம் 5 வருடம். நேட்டாலில் ஆண் கூலிக்கு முதல் வருடம் மாதம் 10 ஷில்லிங், அதோடு உணவுப்படி. தாது வருடப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொல்வார்களே, 1876 முதல் 1878 வரை, அதில் அடிபட்ட மாவட்டங்களில் நம்முடையதும் ஒன்று. விளைச்சல் இல்லாத ஊரில், சம்பளமும் சாப்பாடும் உண்டு என்று ஆள்பிடிப்பவர் வந்து சொன்னால் என்ன ஆகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

இப்போது காகிதத்துக்கு வருவோம். கூலியாகப் போன ஒவ்வொருவருக்கும் அரசாங்கம் ஒரு வரி எழுதியது. வரிசை எண், பெயர், தகப்பனார் பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள அடையாளம். இடது முழங்காலுக்குக் கீழே தழும்பு, வலது கையில் பச்சைக் குத்து என்ற மாதிரி. நேட்டாலில் அந்த எண் சாகும்வரை கூடவே வந்தது. கல்யாணப் பதிவிலும் மரணப் பதிவிலும் அதே எண். பேரப்பிள்ளைகள் கொண்டு வருவது இந்த வரியின் நகல்தான்.

இதை அன்பினால் யாரும் எழுதவில்லை. தோட்டத்திலிருந்து ஓடிப்போனால் அடையாளம் கண்டு பிடிக்க வேண்டும், செத்தால் கணக்கு முடிக்க வேண்டும், அதற்காக எழுதினார்கள். பிடித்து வைப்பதற்காக எழுதிய வரி, 130 வருடம் கழித்து ஊர் தேடி வருகிறவருக்கு வழி காட்டுகிறது.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததல்ல. அயர்லாந்தில் 1845 முதல் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பெரும் பஞ்சம் வந்தது. ஏறக்குறைய பத்து லட்சம் பேர் இறந்தார்கள். அதைவிட அதிகம் பேர் அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் மற்ற நாடுகளுக்கும் போனார்கள். இன்று அவர்களின் வாரிசுகளும் பூர்வீகம் தேடி அயர்லாந்து வருகிறார்கள். ஆனால் 1922 ஜூன் மாதம் டப்ளினில் உள்நாட்டுப் போரின்போது ஆவணக் காப்பகம் எரிந்து, மிஞ்சியிருந்த பழைய மக்கள்தொகைக் கணக்குகளும் சாம்பலாயின. சொந்தக் காசில் டிக்கெட் வாங்கிப் போன ஐரிஷ்காரரின் கிராமத்தைக் கண்டுபிடிப்பது இன்றும் பெரும்பாடு. கைதியாக ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்ட ஐரிஷ்காரர் சுலபமாகக் கிடைத்துவிடுகிறார். ஏனென்றால் அவருடைய உயரம், கண் நிறம், தழும்பு எல்லாம் கைதிப் பட்டியலில் இருக்கிறது. தன் இஷ்டப்படி போனவர் தொலைந்துபோனார். கட்டுப்பட்டுப் போனவர் கணக்கில் இருக்கிறார்.

நம்மிலும் அதே கதைதான். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலேயா ரப்பர் தோட்டங்களுக்கும் கங்காணியின் பின்னால் கூட்டமாகப் போனவர்களுக்கு நேட்டாலில் இருந்த மாதிரி ஆளுக்கு ஒரு வரி கிடையாது. எத்தனை பேர் என்ற கணக்கு உண்டு; எந்த ஊர், யார் மகன் என்பது பெரும்பாலும் குடும்பத்தின் வாய்மொழியில்தான். காகிதம் இல்லாததன் விலை என்ன என்பதை 1948 காட்டியது. தகப்பனோ பாட்டனோ இலங்கையில் பிறந்ததை நிரூபி என்று அந்த ஆண்டு குடியுரிமைச் சட்டம் கேட்டது. பல தலைமுறையாக அங்கே உழைத்தவர்களால் நிரூபிக்க முடியவில்லை. லட்சக்கணக்கானோர் நாடற்றவர் ஆனார்கள். 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று முடிவானது. ஆகவே மலேசியாவிலிருந்தோ மலையகத்திலிருந்தோ காகிதம் இல்லாமல் ஒருவர் வந்தால், "ஆதாரம் இல்லையா?" என்று அலட்சியமாகக் கேட்காதீர்கள். அவர் பாட்டி சொன்ன ஒரு வார்த்தைதான் அவருக்கு ஆதாரம்.

அடுத்து, நம் ஊர்க்காரர்கள் மட்டுமே சொல்லக்கூடிய ஒரு விஷயம். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

காகிதத்தில் 'தென் ஆற்காடு' என்று இருக்கும். வந்தவர் கூகுளில் தேடிக் கடலூர் போய் அலைந்திருப்பார். நம் திருவண்ணாமலை தாலுகா அந்தக் காலத்தில் தென் ஆற்காடு ஜில்லாவில் இருந்தது. 1908இல் வெளிவந்த அரசாங்க கெஜட்டியரிலும் அப்படித்தான் இருக்கிறது. 1911இல் சித்தூர் ஜில்லா உருவானபோதுதான் நாம் வட ஆற்காட்டுக்கு மாறினோம். 1989 செப்டம்பரில் வட ஆற்காடு பிரிந்து நமக்குத் தனி மாவட்டம் வந்தது. ஆக, 1860 முதல் 1911 வரை இங்கிருந்து நேட்டாலுக்குப் போனவர் காகிதத்தில் தென் ஆற்காட்டுக்காரர். ஆரணி, போளூர், வந்தவாசிப் பக்கத்துக்காரர் அதே காலத்தில் வட ஆற்காட்டுக்காரர். இரண்டு பேரும் இன்று ஒரே மாவட்டம்.

இன்னொன்று. 'வட ஆற்காடு' என்றால் நம் பக்கம்தான் என்றும் முடிவு கட்டக் கூடாது. பழைய வட ஆற்காட்டில் சித்தூர், சந்திரகிரி, பலமநேர் எல்லாம் அடக்கம். அவை இன்று ஆந்திராவில் இருக்கின்றன. முன்னோர் தெலுங்கு பேசியவராக இருக்கலாம். மிச்சப் பகுதியில் பெரும்பாலானது இன்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று நாலு மாவட்டம். இது தெரியாமல் ஒரு வாரம் விடுமுறை எடுத்து வந்தவர் தப்பான மாவட்டத்தில் அதைக் கழித்துவிட்டுப் போவார். நாம் இதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும்.

ஊர்ப் பெயர் எழுத்தும் குழப்பும். எழுதியவர் காதில் விழுந்ததை இங்கிலீஷ் எழுத்தில் போட்டார். நம் ஊர் ட்ரினோமலி, வந்தவாசி வாண்டிவாஷ், ஆரணி ஆர்னி. சிறு கிராமத்தின் பெயர் இன்னும் மோசமாகச் சிதைந்திருக்கும். மனதுக்குள் படித்தால் புரியாது. வாய்விட்டு நாலு விதமாகச் சொல்லிப் பாருங்கள், காது கண்டுபிடித்துவிடும். அந்தக் காது வெளிநாட்டில் வளர்ந்தவருக்குக் கிடையாது. அதற்குத்தான் அவருக்கு நாம் தேவை.

ஆட்களின் பெயரும் அப்படித்தான். முனுசாமி 'மூன்சாமி' ஆனார். அருணாசலம் மொரிஷியஸில் 'அர்னாசெல்லம்' ஆனார். தென்னாப்பிரிக்காவில் மூட்லி என்றால் முதலி, படையாச்சி என்றால் படையாட்சி. தகப்பன் பெயரே அடுத்த தலைமுறைக்குக் குடும்பப் பெயராக ஒட்டிக்கொண்டதும் உண்டு. சாதி என்ற இடத்தில் 'மலபார்' என்று எழுதியிருக்கும். கேரளா என்று நினைத்துவிடாதீர்கள். வெள்ளைக்காரர் தமிழர்களுக்கு வைத்திருந்த பெயர் அது. ரியூனியனில் தமிழ் வம்சத்தவரை இன்றும் மல்பார் என்றுதான் சொல்கிறார்கள்.

வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்தவர்களுக்கு ஒரு பாடம் நன்றாகத் தெரியும். ஒரே பெயரில் பத்துக் கணக்கு இருக்கும். தகப்பன் பெயரும் ஊரும் சேர்ந்து பொருந்தினால்தான் ஆள் அவர். அருணாசலம் என்று பெயர் இருப்பதாலேயே திருவண்ணாமலைக்காரர் ஆகிவிட மாட்டார். இந்த மலையைக் கும்பிடும் எந்த ஊரிலும் அந்தப் பெயர் வைப்பார்கள். பெயர், தகப்பன் பெயர், கிராமம் மூன்றும் பொருந்துகிறதா என்று பாருங்கள். புதூர், நல்லூர் என்று நம் மாவட்டத்திலேயே எத்தனை இருக்கின்றன! தாலுகா தெரியாமல் கிராமத்தை முடிவு செய்யாதீர்கள்.

காகிதம் நின்றுபோகிற இடத்தில் சாமி கை கொடுப்பது உண்டு. வந்தவரிடம், "உங்கள் வீட்டில் எந்த அம்மனுக்குப் பொங்கல் வைப்பீர்கள்? தீ மிதிப்பீர்களா?" என்று கேளுங்கள். திரௌபதி அம்மனுக்குத் தீமிதி, பாரதக் கூத்து என்பதெல்லாம் செஞ்சியைச் சுற்றிய நம் ஆற்காட்டுப் பகுதியில் ஆழமாக வேரூன்றியவை. அதே தீமிதி ரியூனியனிலும் பிஜியிலும் தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் இன்றும் நடக்கிறது. மொழி போனாலும் குண்டம் போகவில்லை. அது மட்டும் ஊரைக் காட்டாது. ஆனால் எந்தப் பக்கம் தேடலாம் என்று சொல்லும்.

ஊர் தெரிந்த பிறகு எங்கே கேட்பது? கிராம நிர்வாக அலுவலரிடம் பழைய நில ஆவணங்கள் பற்றிக் கேட்கலாம். பரம்பரைக் கர்ணம் பதவி 1980இல் ஒழிக்கப்பட்டது; ஆனாலும் பழைய கர்ணம் வீட்டுப் பெரியவர்களுக்கு எந்தக் குடும்பம் எந்தத் தெருவில் இருந்தது என்பது ஞாபகம் இருக்கலாம். கோயில் பூசாரியும் அப்படியே. கூலியாகப் போனவர்களில் பெரும்பாலோருக்கு நிலமே இருந்திருக்காது. அதனால் நில ஆவணத்தில் பெயர் இல்லை என்றால் ஊர் தப்பு என்று அர்த்தம் இல்லை. காகிதமே இன்னும் எடுக்காமல் வந்தவர்களுக்கு, மொரிஷியஸ் என்றால் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனம், தென்னாப்பிரிக்கா என்றால் டர்பனில் குவாசுலு-நடால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதூலி ஆவண மையம், பிஜி என்றால் சுவாவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம் என்று சொல்லி அனுப்பலாம். சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. அரசாங்கத்தின் குடியேற்றக் கடிதப் போக்குவரத்து அங்கே பார்க்கலாம்.

இனிச் சொல்லப்போவது கொஞ்சம் கூச்சமான விஷயம். சொல்லாமல் விடவும் முடியாது.

காகிதத்தில் சாதி என்று ஒரு கட்டம் உண்டு என்றேன். பலருக்கு அதில் இருப்பது நம் கிராமங்களில் ஊருக்கு வெளியே வைக்கப்பட்டவர்களின் பெயர். வந்தவருக்கு அது வெறும் ஆங்கில எழுத்து. அதன் கனம் தெரியாது. கூட்டிப்போகிறவருக்குத் தெரியும். அவர் என்ன செய்வார்? ஊருக்குள் பெரிய கோயிலைக் காட்டி, மாலை போடவைத்து, போட்டோ எடுத்து அனுப்பிவிடுவார். அந்தப் பாட்டனின் தெரு அரை கிலோமீட்டர் தள்ளி இருக்கும். அங்கே அழைத்துப்போக மாட்டார். இது மரியாதை இல்லை. அவர் கடல் கடந்து வந்தது அந்தத் தெருவுக்காகத்தான். ஊர் என்றால் ஊரும் சேரியும் சேர்ந்ததுதான்.

பெண்கள் விஷயமும் அப்படியே. நூறு ஆணுக்கு நாற்பது பெண் கப்பலில் இருக்க வேண்டும் என்று பிஜிக்கு விதி இருந்தது. எண்ணிக்கையைச் சரிக்கட்டத் தனியாக இருந்த பெண்களையும் சேர்த்தார்கள். விதவைகள், கணவன் கைவிட்டவர்கள், வீட்டை விட்டு வந்தவர்கள். காகிதத்தில் தகப்பன் பெயர் இருக்கும், புருஷன் பெயர் இருக்காது. "தனியாவா போனாங்க?" என்று பேரப்பிள்ளையின் முன்னால் புருவத்தைத் தூக்காதீர்கள். அந்த அம்மாள் அன்று கப்பலேறியதால்தான் இந்தப் பிள்ளை இன்று நம் முன்னால் நிற்கிறது.

கடைசியாகப் பணம். சொந்தம் தேடி வருகிறவரிடம் காசு இருக்கும் என்று தெரிந்தால், "நான்தான் உங்கள் பங்காளி" என்று சொல்ல ஆள் கிடைக்காமல் போகாது. வி.எஸ். நய்பால் ட்ரினிடாடில் பிறந்தவர். பாட்டனாரின் உத்தரப் பிரதேசக் கிராமத்துக்கு வந்துபோனதைத் தம் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். அங்கே உறவினர் ஒருவர் நிலத் தகராறு வழக்குக்குப் பணம் கேட்டு நின்றார். நய்பால் எரிச்சலோடு கிளம்பிப் போனார். கேட்டவர் உண்மையான உறவினர். அப்படி இருந்தும் அந்தச் சந்திப்பு கசந்தது. பொய் உறவு என்றால் எப்படி இருக்கும்? மறுபக்கம், ட்ரினிடாட் பிரதமராக இருந்த கமலா பெர்சாத் பிசேசர் 2012இல் பீகாரின் பக்சர் மாவட்டத்தில் தம் முன்னோர் கிராமத்துக்கு வந்தபோது ஊரே கூடி வரவேற்றது. தேடி வந்தால் சந்தோஷமும் உண்டு, சங்கடமும் உண்டு.

கிராமத்தில் இருப்பவர்களுக்கு வேறு பயம். பங்கு கேட்டு வந்துவிட்டாரோ என்று தாத்தா பேரையே தெரியாது என்பார்கள். அவர்களிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்: வெளிநாட்டு இந்திய வம்சாவளியினர் விவசாய நிலம் விலைக்கு வாங்கவே சட்டம் இடம் கொடுப்பதில்லை. வந்தவர் கேட்பது ஒரு பிடி மண்ணும் ஒரு பெயரும்தான்.

இதில் அரசாங்கக் காரியமும் கலந்திருக்கிறது. ஓ.சி.ஐ. அட்டைக்குப் பொதுவாகக் கொள்ளுப்பேரன் வரைதான் தகுதி. மொரிஷியஸ்காரர்களுக்கு ஏழாவது தலைமுறை வரை சிறப்புச் சலுகை என்று 2024இல் நம் குடியரசுத் தலைவர் அங்கே சென்றபோது அறிவித்தார். அதனால் தேடி வருகிறவர்கள் இனி அதிகமாகலாம். கூடவே தரகர்களும் வருவார்கள். தெரியாத ஊரைத் தெரியும் என்றோ, "இதுதான் உங்கள் பாட்டன் வீடு" என்றோ சந்தோஷப்படுத்துவதற்காகச் சொல்லிவிடாதீர்கள். அவர் அதை நம்பிப் பிள்ளைகளுக்குச் சொல்வார். அடுத்த நூறு வருடத்துக்கு அந்தப் பொய் அந்த வீட்டில் இருக்கும். "இந்தத் தாலுகா வரைதான் சொல்ல முடியும், அதற்கு மேல் தெரியவில்லை" என்பது நல்ல பதில்தான்.

நம் சங்கத்துக்கு ஒரு யோசனை. நம் குடியிருப்பில் பாதிக்கு மேல் சுற்றுக் கிராமங்களிலிருந்து டவுனுக்கு வந்தவர்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தாளில் நாலு விஷயம் எழுதுங்கள்: பூர்வீகக் கிராமம், அந்த ஊரின் பழைய பெயர் அல்லது பேச்சு வழக்குப் பெயர், குலதெய்வம், குடும்பத்தில் கப்பலேறியோ கங்காணியோடோ போனவர் யாராவது உண்டா என்பது. எண்பது வயதுக்காரர்கள் வீட்டில் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். போனவர்களின் பெயர் டர்பனிலும் மோக்காவிலும் பத்திரமாக இருக்கிறது. அனுப்பிவைத்த வீட்டில்தான் ஒரு வரிகூட இல்லை. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது அந்தத் தாளைக் கொண்டு வாருங்கள். செயலாளரிடம் ஒரு கோப்பில் வைத்துவிடலாம். காகிதத்தோடு யாராவது வந்தால், "தெரியலைங்க" என்று சொல்வதற்கு முன் அந்தக் கோப்பை ஒரு தடவை புரட்டிப் பார்க்கலாம்.